கரீபியன் கடலில் சூறாவளிப் பருவமும் படகுக் காப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் யாருக்கானவை?

சொந்தப் பாய்மரப் படகிலோ இயந்திரப் படகிலோ கரீபியன் தீவுகளிடையே மாதக்கணக்கில் தங்கிப் பயணம் செய்ய நினைப்பவர்களுக்கானவை. வடக்கே பஹாமாஸ், பிறகு வர்ஜின் தீவுகள், செயின்ட் மார்ட்டின், ஆன்டிகுவா, டொமினிக்கா, செயின்ட் லூசியா, கிரெனடா என்று வளைந்து இறங்கித் தெற்கே டிரினிடாட்டில் முடிகிற தீவு வரிசையே இங்கே பேசப்படும் கடல். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 அன்று தொடங்கி நவம்பர் 30 அன்று முடிகிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அதன் உச்சம். செப்டம்பர் 10-ஐ ஒட்டிய நாட்களில்தான் கடல் மிகவும் அபாயகரமாக இருக்கும்.

காப்பீடு தேடும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பெரும்பாலோர் பிரீமியம் எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. படகு ஜூன் முதல் நவம்பர் வரை எந்த இடத்தில், எந்த நிலையில் இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் காப்பீட்டு நிறுவனங்களை அணுக வேண்டும். ஏனெனில் விண்ணப்பப் படிவத்தில் காப்பீட்டாளர் மிகுந்த கவனத்தோடு படிக்கும் பகுதி படகின் விலையோ வயதோ அல்ல. சூறாவளிப் பருவத்தில் அது இருக்கப்போகும் இடம்தான். டிசம்பரில் தொடங்கி மே வரை நீங்கள் எந்தத் தீவில் நங்கூரமிட்டாலும் அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. எஞ்சிய ஆறு மாதங்களுக்கு நீங்கள் தரும் உறுதிமொழியைத்தான் அவர்கள் விலை பேசுகிறார்கள். அந்த உறுதிமொழியைக் காப்பாற்ற முடியாமல் போனால், முழுப் பிரீமியத்தையும் கட்டியிருந்தும் புயல் சேதத்துக்கு ஒரு காசுகூடக் கிடைக்காமல் போகலாம்.

பாலிசியில் ஓர் அட்சரேகைக் கோடு குறிப்பிடப்பட்டிருக்கிறதே, அதன் பொருள் என்ன?

பருவ மாதங்களில் படகு இருக்கக் கூடாத கடற்பரப்பை வரையறுக்கும் கோடு அது. தெற்கு எல்லையாக வட அட்சரேகை 12 டிகிரி 40 நிமிடத்தைப் பல பாலிசிகள் பயன்படுத்தி வந்திருக்கின்றன; சில நிறுவனங்கள் இன்னும் தெற்கே இறங்கி, இந்தத் தீவு வரிசையில் டிரினிடாட் மட்டுமே அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் வரும்படி 11 டிகிரிக்கும் கீழே கோட்டை வைக்கின்றன. வடக்கு எல்லை சிலரிடம் புளோரிடா – ஜார்ஜியா மாநில எல்லையை ஒட்டியும், இன்னும் கண்டிப்பானவர்களிடம் 35 டிகிரியைத் தாண்டியுள்ள ஹேட்டரஸ் முனையிலும் இருக்கும். இந்த இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் பருவத்தின்போது இருந்தால், பெயரிடப்பட்ட புயலால் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. இன்னும் கடுமையான பாலிசிகளில் அந்தப் பகுதிக்குள் இருக்கும்வரை எந்தச் சேதத்துக்கும் காப்பீடு கிடையாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. முதல் வகையில், ஆகஸ்டில் மார்ட்டினிக்கில் உங்கள் படகில் தீப்பிடித்தால் இழப்பீடு உண்டு. இரண்டாவது வகையில் அதுவும் இல்லை.

‘பெயரிடப்பட்ட புயல்’ என்பதையும் கவனியுங்கள். சூறாவளி நிலையை எட்டக் காற்றுக்கு மணிக்கு 119 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஆனால் 63 கிலோமீட்டரை எட்டியவுடனேயே மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையம் புயலுக்குப் பெயர் வைத்துவிடுகிறது. ஆகவே சூறாவளியாக வளராத ஒரு சாதாரண வெப்பமண்டலப் புயலும் இந்த விலக்குக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கோடு ஓர் ஒப்பந்த வரையறை மட்டுமே. புயலை அது தடுக்காது. 12 டிகிரியில் இருக்கும் கிரெனடா நெடுங்காலம் பாதுகாப்பான தீவு என்று நம்பப்பட்டது. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் சூறாவளி அந்தத் தீவைத் தாக்கி, அங்கே அடைக்கலம் புகுந்திருந்த படகுகளையும் தீவின் பெரும்பாலான வீடுகளையும் சிதைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையிலேயே எமிலி வந்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் நான்காம் வகைச் சூறாவளியாக (ஐந்தாம் வகையே மிகக் கடுமையானது), கிரெனடாவைச் சேர்ந்த கேரியாக்கூ தீவின் மீது ஏறியது. அந்தத் தீவின் டிரெல் விரிகுடாவில் உள்ள அலையாத்திக் காடு நல்ல புகலிடம் என்று பெயர் பெற்றது. அங்கே கயிறு கட்டி ஒதுங்கியிருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கேரியாக்கூ 12 டிகிரி 40 நிமிடத்துக்குத் தெற்கே இருக்கிறது. அதாவது பல பாலிசிகளின்படி அந்தப் படகுகள் அனுமதிக்கப்பட்ட பகுதியில்தான் இருந்தன.

தேதிகளுக்கும் இதுவே பொருந்தும். சில பாலிசிகள் தடைக்காலத்தை ஜூன் 1-க்குப் பதிலாக ஜூலை 1 அன்று தொடங்குகின்றன. பெரில் வந்த நாளே அதுதான். நவம்பர் தொடக்கத்தில் தடையை நீக்கும் பாலிசிகளும் உண்டு. ஆனால் 1999-இல் லெனி சூறாவளி நவம்பர் நடுவில், அதுவும் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வந்து, மேற்குப் பக்கத்து நங்கூரத் துறைகளைத் தாக்கியது. பாலிசி அனுமதிக்கிறது என்பதற்காகவே ஓரிடத்தில் இருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பருவத்தில் படகை எங்கே வைக்கலாம்?

டிரினிடாட்டின் சாகுவாராமஸ் மிகப் பழைய தேர்வு. 10 டிகிரி 40 நிமிடத்தில் இருப்பதாலும், பெரிய படகுகளையும் தூக்கிக் கரையில் வைக்கும் கட்டுமானத் தளங்கள் வரிசையாக இருப்பதாலும் காப்பீட்டாளர்கள் எளிதாக ஒப்புக்கொள்ளும் இடம் இது. 1933 ஜூனில் ஒரு சூறாவளி அங்கேயும் தாக்கியிருக்கிறது. ஆனாலும் அது அரிதினும் அரிது. கிரெனடாவிலிருந்து அங்கே போகும் வழியில்தான் கவலை இருக்கிறது. வெனிசுவேலாக் கரையிலிருந்து வரும் ஆயுதம் தாங்கிய கொள்ளையர் இந்த வழியில் படகுகளைத் தாக்கிய நிகழ்வுகள் உண்டு. ஆகவே பலரும் ஹைபிஸ்கஸ் என்ற எரிவாயு மேடைக்கு அருகே செல்லும்படி வழியை அமைத்து, புறப்படும் முன் டிரினிடாட் கடலோரக் காவல் படையிடம் பயணத் திட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாலிசியில் வெனிசுவேலாக் கடல் விலக்கப்பட்டிருக்கிறதா, கடற்கொள்ளைக்குக் காப்பீடு உண்டா என்பதை இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

கிரெனடாவில் கரையில் ஏற்றி, நிலத்தில் பதித்த நங்கூரங்களோடு பட்டைகளால் கட்டி வைத்தால் ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன; நீரில் விட்டால் அதே நிறுவனங்கள் மறுக்கலாம்.

குராசாவோவும் பொனேரும் புயல் பாதைக்குத் தெற்கே, 12 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. குராசாவோவில் கரையேற்றும் வசதி இருக்கிறது. பொனேரில் நங்கூரம் போடுவதற்கே தடை; கடற்பூங்காவின் மிதவைகளில்தான் கட்ட வேண்டும். அந்த மிதவைகள் மேற்குக் கரையில் இருப்பதால், வடக்கே தொலைவில் ஒரு புயல் கடந்தாலும் காற்று திசைமாறி, அமைதியாக இருந்த துறை அலை மோதும் கரையாகிவிடும். அங்கே தங்குபவர்கள் வானிலை அறிக்கையை நாள்தோறும் பார்க்க வேண்டும்.

குவாத்தமாலாவின் ரியோ துல்சே ஒரு விதிவிலக்கு. அட்சரேகைப்படி பார்த்தால் அது தடைப் பகுதிக்குள் வரும். ஆனால் ஆற்றில் உள்நாட்டுக்குள் வெகுதூரம் போய் நிற்பதால், எழுதிக் கேட்டால் அனுமதிக்கும் காப்பீட்டாளர்கள் உண்டு. வாய்மொழிச் சம்மதத்தை நம்பாமல், அந்த இடத்தின் பெயர் பாலிசியின் இணைப்பில் அச்சாகி வரும்வரை காத்திருங்கள். லிவிங்ஸ்டன் அருகே ஆற்றின் வாயில் மணல்மேடு இருக்கிறது. ஆழமான கீல் (படகின் அடியிலிருந்து நீருக்குள் நீளும் பகுதி) உள்ள படகுகள் பெரிய ஓதத்துக்குக் காத்திருந்துதான் நுழைய முடியும்.

பனாமா 9 டிகிரியில் இருப்பதால் புயல் கவலை மிகக் குறைவு. இடியும் மின்னலும்தான் அங்கே தொல்லை. மின்னல் தாக்கி மின்னணுக் கருவிகள் எரிந்தால் எவ்வளவு தருவார்கள் என்ற பிரிவைப் படித்துவிட்டுப் போங்கள்.

வடக்கே செசபீக் விரிகுடாவுக்குப் போய்விடுவது அமெரிக்க, கனடியப் படகுக்காரர்களின் வழக்கம். 2003-இல் இசபெல் சூறாவளி கொண்டுவந்த வெள்ளம் அங்கேயும் படகுத்துறைகளை மூழ்கடித்தது.

தடைப் பகுதிக்குள்ளேயே, நல்ல புகலிடத்தில் படகை நிறுத்திவிட்டு முழுக் காப்பீடு பெற முடியாதா?

சில நேரம் முடியும். விலை அதிகம், நிபந்தனை அதிகம். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த விரிகுடா, மூடிய உப்பங்கழி போன்றவற்றை உள்ளூர்க்காரர்கள் புகலிடம் என்பார்கள். செயின்ட் மார்ட்டினின் சிம்சன் விரிகுடா உப்பங்கழியும் அப்படிப்பட்டதுதான். 1995-இல் லூயிஸ் வந்தபோதும் 2017-இல் இர்மா வந்தபோதும் அதற்குள் நூற்றுக்கணக்கான படகுகள் நாசமாயின. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் பாராகீட்டா விரிகுடாவில் வாடகைப் படகுகளை நெருக்கமாகக் கட்டி வைத்திருந்தார்கள். இர்மாவுக்குப் பிறகு அவை குவியலாகக் கிடந்தன. புகலிடத்தில் உங்கள் படகு எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருந்தாலும், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் இரண்டு மெல்லிய கயிறுகளோடு விட்டுப் போயிருந்தால் அவருடைய படகு வந்து உங்கள் படகின் மேல்தான் விழும். காப்பீட்டாளர்களின் தயக்கத்துக்கு இதுவே காரணம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சூறாவளித் திட்டம் எழுதித் தரச் சொல்கிறார்கள். அதில் என்ன எழுத வேண்டும்?

விண்ணப்பத்தில் இதைவிட முக்கியமான தாள் வேறில்லை. ‘பாதுகாப்பான இடத்துக்கு எடுத்துச் செல்வேன்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறவர்களுக்கு மறுப்பு வருவதில் வியப்பில்லை.

கரையேற்றி வைப்பதானால், தளத்தின் பெயரும் முகவரியும், இடம் முன்பதிவு செய்ததற்கான சான்றும், எந்த நாளில் ஏற்றுவீர்கள் என்பதும் வேண்டும். படகை எப்படி நிறுத்துவார்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். கீல் முழுவதும் அமரும்படி குழி வெட்டி அதில் இறக்குவது மிக நல்லது. எஃகுத் தாங்கிகள் என்றால் எத்தனை, எதிரெதிர்த் தாங்கிகள் ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைக்கப்படுமா, அடியில் பலகை வைப்பார்களா என்று சொல்ல வேண்டும். காற்றைவிட மழையே தாங்கிகளுக்கு எதிரி: மண் ஊறி ஒரு தாங்கி புதைந்தால் படகு சாயும், அது அடுத்த படகின்மேல் சாய, ஒரு வரிசையே விழுந்துவிடும். தரையில் கான்கிரீட்டில் பதித்த வளையங்களோடு படகின் இரு புறமும் பட்டை போட்டுக் கட்டும் வசதி இருந்தால் அதைத் தனியே குறிப்பிடுங்கள். பாய்மரத்தையே கழற்றிக் கீழே வைக்க முடியுமானால் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. செலவு கூடும் என்பதால் பலர் செய்வதில்லை.

பிறகு மேல்தளம். எல்லாப் பாய்களும் கழற்றப்பட வேண்டும். சுருட்டிக் கட்டிய முன்பாயை அப்படியே விட்டுவிட்டால், நள்ளிரவில் காற்று அதை அவிழ்த்து விரித்து, தாங்கிகளில் நிற்கும் படகையே கவிழ்த்துவிடும். வெயில் மறைப்புத் துணிகள், சூரியத் தகடுகள், துணைப்படகு, அதன் இயந்திரம், காற்றாலையின் இறக்கைகள் எல்லாம் இறக்கப்பட வேண்டும். ஓட்டுமிடத்தில் மழைநீர் வடியும் துளைகளில் இலைதழை அடைக்காமல் பார்க்க யாராவது ஆள் வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் இதையெல்லாம் செய்யப்போகும் ஆளின் பெயர், தொலைபேசி எண், அவருக்கு நீங்கள் தந்துள்ள அதிகாரம் ஆகியவற்றையும் திட்டத்தில் சேருங்கள்.

நீரில் வைப்பதானால் கயிறுகளின் தடிமன், எண்ணிக்கை, உராய்வு தடுப்பு உறைகள், நங்கூரங்களின் எடை, சங்கிலி நீளம், எந்தெந்தத் திசையில் கட்டப்படும் என்பவற்றை ஒரு கோட்டுப்படத்தோடு கொடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: எழுதிக் கொடுத்த திட்டம் பாலிசியின் பகுதியாகிவிடும். அதில் உள்ளதைச் செய்யாவிட்டால், அதுவே கிளெய்மை (இழப்பீட்டுக் கோரிக்கையை) மறுக்கக் காரணமாகலாம். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் செய்து முடித்தபோது தேதி தெரியும்படி படம் எடுத்து, படகில் அல்லாமல் வேறிடத்தில் சேமித்து வையுங்கள்.

டிடக்டிபிள் ஏன் புயலுக்கு மட்டும் தனியாக இருக்கிறது?

சேதத்தில் நாம் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகைதான் டிடக்டிபிள். பெயரிடப்பட்ட புயலுக்கு அது இரட்டிப்பாகவோ, காப்பீட்டு மதிப்பில் ஒரு குறிப்பிட்ட சதவீதமாகவோ இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படகின் மதிப்பு 2,00,000 டாலர், சாதாரண டிடக்டிபிள் 2 சதவீதம், புயலுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறையில் மோதி 18,000 டாலர் சேதம் என்றால் 14,000 கிடைக்கும். அதே 18,000 டாலர் சேதம் புயலில் வந்தால் ஒன்றும் கிடைக்காது. முதல் 20,000 உங்கள் பொறுப்பு. சேதத் தொகையின் சதவீதமா, காப்பீட்டு மதிப்பின் சதவீதமா என்பதையும் சரியாகப் படியுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. முழு இழப்பில் டிடக்டிபிள் கழிக்கப்படுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

படகின் மதிப்பை எப்படிக் குறிப்பிடுவது?

‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ வகைப் பாலிசியைத்தான் நான் பரிந்துரைப்பேன். முழு இழப்பில், இரு தரப்பும் முன்பே ஏற்ற தொகை அப்படியே கிடைக்கும். ‘அன்றைய சந்தை மதிப்பு’ வகையில் தேய்மானம் கழித்துத் தருவார்கள். பிரீமியம் குறைவு, மனக்கசப்பு அதிகம். ஒப்புக்கொண்ட மதிப்பிலும் பாய், கயிறு, பேட்டரி போன்றவற்றின் பகுதிச் சேதத்துக்குத் தேய்மானம் உண்டு.

சர்வே கட்டாயமா?

நிபுணர் ஒருவர் படகின் நிலையைச் சோதித்து அறிக்கை எழுதுவதுதான் சர்வே. பழைய படகுக்கு அது அநேகமாகக் கட்டாயம். அதுவும் நீரிலிருந்து தூக்கி, அடிப்பகுதியைப் பார்த்து எழுதிய அறிக்கை வேண்டும். அறிக்கை அண்மையதாக இருக்க வேண்டும் என்பார்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் வயதையும் கேட்பார்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்வதோ, பாய்மரத்தை மட்டும் காப்பீட்டிலிருந்து விலக்குவதோ வழக்கம். சர்வேயர் ‘உடனே சரிசெய்ய வேண்டியவை’ என்று எழுதியவற்றைச் சரிசெய்து, ரசீதுகளோடு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சரிசெய்யாமல் கிடக்கும் ஒரு குறிப்பு, பின்னாளில் கிளெய்ம் மேசையில் உங்களுக்கு எதிராக விரிக்கப்படும்.

கடல் அனுபவம் குறைவு. தருவார்களா?

சிறிய படகிலிருந்து திடீரென்று பெரிய படகுக்குத் தாவுபவர்களிடம் தயங்குவார்கள். முதல் நீண்ட பயணத்துக்கு அனுபவமுள்ள மாலுமி ஒருவரை உடன் அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டால் பல நேரங்களில் கதவு திறக்கும். ஒருவராகவே இரவுப் பயணம் செய்வதைப் பல பாலிசிகள் அனுமதிப்பதில்லை.

நான் கனடாவிலோ பிரிட்டனிலோ வசிக்கும் தமிழர். எந்த நாட்டு நிறுவனத்தை அணுகுவது?

உங்கள் நிரந்தர வசிப்பிடமும் படகு பதிவான நாடும்தான் இதை முடிவு செய்கின்றன. ஒரு நாட்டில் உரிமம் பெற்ற நிறுவனம் எல்லா நாட்டவருக்கும் விற்க முடியாது. குடியுரிமை, வசிப்பிடம், படகின் கொடி (பதிவான நாடு) மூன்றும் மூன்று நாடுகளாக இருந்தால், தேடலுக்குக் கூடுதல் காலம் ஒதுக்குங்கள். கியூபா போவதாக இருந்தால் அமெரிக்கத் தடைச் சட்டம் தொடர்பான பிரிவையும் பாருங்கள்.

விண்ணப்பத்தில் சிறிய விஷயங்களை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

கடல் காப்பீடு ‘முழு நல்லெண்ணம்’ என்ற பழைய கோட்பாட்டின் மேல் நிற்கிறது. பிரிட்டனின் 1906-ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. பழைய கிளெய்ம், முன்பு தரைதட்டியது, வேறு நிறுவனம் மறுத்தது என்று கேட்கப்பட்ட அனைத்தையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தது தெரிந்தால், மறைத்த செய்திக்கும் சேதத்துக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் பாலிசியே செல்லாததாகிவிடக்கூடும்.

பாலிசியில் உள்ள உறுதிமொழிகளும் அப்படித்தான். 2019-இல் புளோரிடா அருகே ஓர் உல்லாசப் படகு தரைதட்டியது. தீயணைப்புக் கருவிகள் உரிய காலத்தில் மறு பரிசோதனை செய்யப்படவில்லை என்று சொல்லிக் காப்பீட்டாளர் இழப்பீட்டை மறுத்தார்; அந்த விபத்தில் தீயே இல்லை. உரிமையாளர் தம் மாநிலமான பென்சில்வேனியாவின் சட்டத்தைப் பொருத்த வேண்டும் என்று வாதிட்டார். பாலிசியிலோ நியூயார்க் சட்டம் குறிப்பிடப்பட்டிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், கடல்சார் ஒப்பந்தங்களில் எந்தச் சட்டம் பொருந்தும் என்று எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே பொதுவாகச் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டமோ, மீறப்பட்ட நிபந்தனை நேர்ந்த சேதத்தின் அபாயத்தைக் கூட்டியிருக்கவே முடியாது என்று உரிமையாளர் காட்டினால், அதைக் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்கிறது. ஆகவே பாலிசியின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ‘பொருந்தும் சட்டம்’ என்ற வரியை, பிரீமியத் தொகையைப் பார்ப்பதற்கு முன்பே பாருங்கள். இரண்டு விலைப்பட்டியல்கள் அருகருகே வந்தால், நான் இந்த வரிக்காகவே கூடுதல் பணம் கொடுப்பேன்.

இவ்வளவு விலை ஏன்?

2017 செப்டம்பரில் இர்மாவும் மரியாவும் இரண்டு வார இடைவெளியில் வந்தன. 2019-இல் டோரியன் பஹாமாஸின் அபாக்கோ தீவுகளைத் தாக்கிவிட்டு, கிராண்ட் பஹாமா மீது ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் நின்றது. லண்டனின் லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தையில் உல்லாசப் படகுக் காப்பீட்டைச் செய்துவந்த குழுக்கள் பல அந்த ஆண்டுகளில் வெளியேறின. விற்பவர்கள் குறைந்ததால் விலை ஏறியது.

எப்போது, யார் மூலம் விண்ணப்பிப்பது?

கரீபியன் பயணப் படகுகளையே தொழிலாகக் கொண்ட தரகர் ஒருவர் மூலம், பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். ஒரே நேரத்தில் பல தரகர்களிடம் கொடுத்தால், எல்லாருமே ஒரே காப்பீட்டாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்து குழப்பம் வரும். ஒரு புயல் உருவாகிவிட்டால் அந்தப் பகுதிக்குப் புதிய பாலிசி எழுதுவதையும், இருக்கும் பாலிசியை விரிவாக்குவதையும் நிறுத்திவிடுவார்கள். விலைப்பட்டியல் காப்பீடு ஆகாது. பாலிசி உறுதிச் சான்று கைக்கு வந்த பின்னரே புறப்படுங்கள்.

இயந்திரம் பழுதாகி, தடைத் தேதிக்குள் தெற்கே போய்ச் சேர முடியவில்லை. என்ன செய்வது?

தேதி தாண்டும் முன்பே எழுதித் தெரிவியுங்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள், உதிரிப் பாகம் எப்போது வரும், அதுவரை படகை எங்கே வைப்பீர்கள் என்று சொல்லி, சில நாள் நீட்டிப்புக் கேளுங்கள். ஜூன் தொடக்கத்தில் பெரும்பாலும் இணங்குவார்கள், சிறு கூடுதல் கட்டணத்தோடு. பதில் எழுத்தில் வர வேண்டும். தேதி முடிந்த பின் கேட்பவருக்கு இந்த இணக்கம் கிடைப்பது கடினம்.

புயல் வருகிறது என்ற எச்சரிக்கை வந்துவிட்டால் காப்பீட்டாளர் எதிர்பார்ப்பது என்ன?

காப்பீடே இல்லாத ஒருவர் தம் படகைக் காக்க என்னென்ன செய்வாரோ அத்தனையையும் நீங்கள் செய்ய வேண்டும்; சேதத்தைத் தடுக்கவும் குறைக்கவும் முயல்வது ஒப்பந்தக் கடமை. அதற்கான நியாயமான செலவைத் திருப்பித் தரும் பிரிவும் பல பாலிசிகளில் உண்டு. எச்சரிக்கை வந்த பின் கரையேற்றும் செலவில் பாதியை ஒரு வரம்புவரை தரும் பாலிசிகளும் இருக்கின்றன. படகில் தங்கியிருக்கும்படி எந்தப் பாலிசியும் கேட்பதில்லை. நானும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், தங்காதீர்கள். அந்தக் காற்றில் தளத்தின்மேல் நிற்கவே முடியாது, செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

புயலுக்குப் பிறகு கிளெய்ம் எப்படிச் செய்வது?

முதலில் படம், பிறகு அறிவிப்பு, பிறகு மேலும் சேதமாகாமல் பாதுகாப்பு. நீரில் நனைந்த இயந்திரத்தை நன்னீரில் கழுவி எண்ணெய் போடுவது, உடைந்த சாளரத்தை மூடுவது போன்றவற்றுக்குச் சர்வேயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெரிய பழுதுபார்ப்புக்குக் காத்திருங்கள். படகைக் கைவிட்டுவிட்டதாக யாரிடமும் சொல்லாதீர்கள், எழுதாதீர்கள்.

மீட்புக்காரர்கள் தாமாக வந்து நிற்பார்கள். வெற்றி பெற்றால் மட்டுமே கூலி என்ற அடிப்படையில் அமைந்த லாய்ட்ஸ் திறந்த ஒப்பந்தம் போன்றவற்றில் தொகை முன்கூட்டித் தீர்மானிக்கப்படுவதில்லை. காப்பாற்றப்பட்ட படகின் மதிப்பையும் வைத்துப் பின்னர்தான் முடிவாகும். உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து இல்லாதபோது, காப்பீட்டாளரிடம் பேசாமல் கையெழுத்திடாதீர்கள். மணிக்கணக்கிலோ மொத்தமாகவோ விலை பேசிக்கொள்வது பாதுகாப்பானது.

முழுக் காப்பீடு கிடைக்கவே இல்லை, அல்லது புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். வேறு வழி?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வாங்கலாம். படகை இழந்தால் தாங்கிக்கொள்ளும் வசதியுள்ளவர்கள், பழைய படகு வைத்திருப்பவர்கள் பலரின் ஏற்பாடு இதுதான். அவர்களை நான் குறைகூற மாட்டேன். அதுவும் இல்லாமல் போவதைத்தான் ஏற்க முடியாது. படகுத்துறைகளும் கட்டுமானத் தளங்களும் சான்று கேட்கும் என்பது ஒரு காரணம். உங்கள் படகு துறையின் வாயிலில் மூழ்கிக் கிடந்தால், அதை அகற்றும்படி அரசு உத்தரவிடும். அந்தச் செலவு படகின் விலையையே தாண்டக்கூடும். ஒரு சிறு தீவின் மீனவர்களும் அரசும் அந்தச் சுமையை ஏற்கும்படி விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. ஆகவே மூன்றாம் நபர் பாலிசியில் சிதைவு அகற்றும் செலவு உண்டா, பெயரிடப்பட்ட புயலுக்குப் பிறகும் அது செல்லுமா, எந்த வரம்புவரை என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சான்றின் அச்சுப் பிரதியைப் படகின் பதிவுப் பத்திரத்தோடு வையுங்கள். துறை அலுவலகத்தில் இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள்.